எழுதிக் கொடுங்கள், அமைச்சரே!

"எழுதிக் கொடுங்கள்!" இரண்டே சொற்கள். வாளும் அல்ல, வேலும் அல்ல. ஆனால் இந்த இரண்டு சொற்களைக் கேட்டு முகம் சுளிக்காத அமைச்சர் அரிது. அவற்றை அமைச்சரின் முகத்துக்கு நேரே சொல்லத் துணிகின்ற அதிகாரி, அதனினும் அரிது!

"அந்த ஆள் நம்ம ஆள். பார்த்துச் செய்யுங்கள்" என்கிறார் அமைச்சர். அதிகாரி தலையசைக்கிறார். காரியம் முடிகிறது. கோப்பைப் புரட்டிப் பார்த்தால் அமைச்சர் சொன்னதற்கு ஒரு வரி இல்லை, ஓர் எழுத்து இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை! நாளைக்கு நாடு கேட்கிறது, ஏன் இப்படி நடந்தது என்று. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே!" என்கிறார் அமைச்சர். "அவர் சொல்லித்தானே செய்தேன்!" என்கிறார் அதிகாரி. இருவருக்கும் நடுவே நிற்பது காற்று. காற்றைக் கூண்டிலே ஏற்றிச் சத்தியம் வாங்க முடியுமா?

"அமைச்சருக்கும் அதிகாரிக்கும் இடையே ஆயிரம் இருக்கும். ஆலைத் தொழிலாளிக்கு அதிலே என்ன?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேட்கட்டும், வரவேற்கிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று பேனாவை எடுத்திருக்கிறோம். ஒரு கதையைச் சொல்கிறோம். கட்டுக்கதை அல்ல. பாராளுமன்றத்தை உலுக்கி, நிதியமைச்சர் ஒருவரை நாற்காலியிலிருந்து இறக்கிய நடந்த கதை. அந்தக் கதையிலே தொழிலாளி எங்கே வருகிறான் என்று பாருங்கள்.

*

1956ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள். நாட்டிலிருந்த 245 இன்ஷூரன்ஸ் அமைப்புகளைச் சர்க்கார் தன் கையில் எடுத்து ஒன்றாக்கிற்று. ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் பிறந்தது. தனியார் முதலாளிகளின் கையிலே பாலிசிதாரரின் பணம் பாழாகிறது, ஆகவே பொதுத்துறை வேண்டும் என்றார்கள். நல்ல நோக்கம்தான், நாமும் குறை கூறமாட்டோம்.

யாருடைய பணம் அது? குமாஸ்தாவின் பணம். ஆசிரியரின் பணம். ரயில்வே தொழிலாளியின் பணம். "நான் கண்ணை மூடினால் என் மனைவி மக்கள் தெருவில் நிற்கக்கூடாது" என்று, காப்பிக் காசைக் குறைத்து, பண்டிகைத் துணியைத் தள்ளிப்போட்டு, மாதா மாதம் கட்டிய பிரிமியப் பணம். சாவுக்கு அஞ்சிச் சேர்த்த பணம் என்று சொன்னாலும் பிழையில்லை.

ஓர் ஆண்டுகூட நிறையவில்லை. 1957ஆம் ஆண்டு ஜூன் மாதம், கல்கத்தாவின் ஹரிதாஸ் முந்திரா என்கிற வியாபாரியோடு சம்பந்தப்பட்ட ஆறு கம்பெனிகளின் பங்குகளை, கார்ப்பரேஷன் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு வாங்கிக் குவித்தது. 1957ஆம் ஆண்டு ரூபாய், தோழர்களே! அன்றைய ஒன்றேகால் கோடியை இன்றைய ஒன்றேகால் கோடி என்று எண்ணிவிடாதீர்கள். பணத்தை எதில் போடலாம், எதில் போடக்கூடாது என்று ஆலோசனை சொல்வதற்கென்றே கார்ப்பரேஷனில் முதலீட்டுக் குழு ஒன்று இருந்தது. அந்தக் குழுவைக் கேட்டார்களா? கேட்கவில்லை. கடையிலே கத்தரிக்காய் வாங்குகிறவன்கூட கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கிறான். பாலிசிதாரரின் பணத்துக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை!

1957 டிசம்பரிலே பாராளுமன்றத்தில் இது வெடித்தது. வெடி வைத்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளுங்கட்சியான காங்கிரசின் உறுப்பினர், அதிலும் பிரதமர் நேருவின் மருமகன், பெரோஸ் காந்தி! மாமனார் பிரதமர் என்று அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. கட்சி ஆட்சியில் இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பாலிசிதாரரின் பணம் எங்கே போயிற்று, யார் சொல்லிப் போயிற்று என்று கேட்டார். எந்தக் கட்சித் தோழருக்கும் இது ஒரு பாடம். தன் கட்சி தவறு செய்யும்போது தட்டிக் கேட்பவன் துரோகியல்லன், கட்சியின் மானத்தைக் காப்பவன்.

விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒருவரே கமிஷன். மூடிய அறையிலே முணுமுணுப்பாக நடத்தவில்லை, ஊரறிய, உலகறிய நடத்தினார். விசாரணை நடந்த இடத்திலே கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியதாயிற்று. நிதியமைச்சர் சாட்சி சொன்னார். நிதித்துறைச் செயலாளர் சாட்சி சொன்னார். ரிசர்வ் வங்கி கவர்னரும் சாட்சிக் கூண்டிலே நின்றார்.

நிதியமைச்சர் யார்? சென்னைச் சீமையிலிருந்து டில்லி சென்ற டி.டி. கிருஷ்ணமாச்சாரி. ஆற்றலில் குறைந்தவர் என்று அவரை எதிரியும் சொல்லமாட்டான். செயலாளர் யார்? எச்.எம். படேல், பழைய ஐ.சி.எஸ். அதிகாரி. அவரையும் திறமையற்றவர் என்று எவரும் சொன்னதில்லை. இரண்டு திறமைசாலிகள்! ஆனால் கேள்வி ஒன்றுதான்: "இந்தப் பங்குகளை வாங்கச் சொன்னது யார்?"

"அமைச்சரிடம் சொன்னேன், அவருடைய சம்மதத்தோடுதான் செய்தேன்" என்ற பொருளிலே பேசினார் செயலாளர். "நான் சம்மதம் தரவில்லை" என்ற பொருளிலே பேசினார் அமைச்சர். யார் சொல்வது உண்மை? கோப்பைப் பார்ப்போமா? கோப்பிலே அமைச்சரின் உத்தரவு இல்லை! உரையாடலிலே நடந்தது, காற்றோடு கலந்தது. ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நம் ஊர் மளிகைக் கடையிலே கால் படி உளுந்து கடன் வாங்கினால்கூட நோட்டிலே எழுதிக்கொள்கிறான் கடைக்காரன்!

*

இங்கேதான் தோழர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சட்டம் இல்லாமலா இது நடந்தது? 1956ஆம் ஆண்டின் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் சட்டத்தை எடுத்து 21வது பிரிவைப் பாருங்கள். பொதுநலன் சம்பந்தப்பட்ட கொள்கை விஷயங்களில் மத்திய சர்க்கார் கார்ப்பரேஷனுக்குக் கட்டளையிடலாம். அந்தக் கட்டளை எழுத்து மூலம் இருக்கவேண்டும் என்பதே அதன் சாரம். எழுத்து மூலம்! சட்டத்திலே அந்தச் சொல் சும்மா விழுந்த சொல் அல்ல. ஆட்சிக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அந்த அதிகாரம் முக்காடு போட்டு வரக்கூடாது, முகத்தைக் காட்டி வரவேண்டும் என்பது அதன் பொருள்.

சாக்ளா 1958 பிப்ரவரியில் அறிக்கை தந்தார். அதிலே அவர் அடித்துச் சொன்னது இது: தம் செயலாளர் செய்த காரியத்துக்கு அமைச்சரே பொறுப்பு. அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அவர் செய்தார், எனக்குத் தெரியாது" என்று சொல்ல அமைச்சருக்கு வழி இல்லை. இன்னொன்றும் சொன்னார்: சுயாட்சியுள்ள கார்ப்பரேஷன்களின் காரியங்களில் சர்க்கார் தலையிடக்கூடாது, தலையிட்டே ஆகவேண்டுமென்றால் எழுத்து மூலம் உத்தரவு தரும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கக்கூடாது.

அந்தப் பிப்ரவரியிலேயே கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். செயலாளர் படேலும் சர்வீசை விட்டு வெளியேறினார். பிறகு காலம் சுழன்றது. 1963இல் கிருஷ்ணமாச்சாரி மீண்டும் நிதியமைச்சரானார். 1977இல் ஜனதா ஆட்சி வந்தபோது நிதியமைச்சராக அமர்ந்தவர் யார் தெரியுமா? அதே எச்.எம். படேல்! பெரிய மனிதர்களுக்கு மறுவாழ்வு உண்டு, தோழர்களே! பிரிமியம் கட்டிய ஏழைக்குத்தான் பணம் போனால் போனதுதான்.

*

"சரி, அமைச்சர் பொறுப்பேற்க வேண்டும். அதிகாரி அப்பாவிதானே?" என்றால், நாம் அப்படிச் சொல்லவில்லை. சம்பளம் வாங்கும் அதிகாரி, தபால் பெட்டியா? மேலே போட்டதைக் கீழே தள்ளுவதற்கு மட்டும்தானா அவர்? முதலீட்டுக் குழுவைக் கேட்காமல் வாங்குவது முறையல்ல என்று அவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தால்? "அமைச்சர் அவர்கள் விரும்பினால், 21வது பிரிவின்படி எழுத்து மூலம் உத்தரவிடுக" என்று ஒரு வரி வைத்திருந்தால்? ஒன்று, அமைச்சர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்றிருப்பார். அல்லது, கையெழுத்திட அஞ்சிக் காரியத்தையே கைவிட்டிருப்பார். இரண்டிலே எது நடந்திருந்தாலும் பாலிசிதாரருக்கு லாபம்!

நடுநிலை அதிகாரி என்றால் என்ன பொருள்? ஊமை என்று பொருளா? ஆமாம்சாமி என்று பொருளா? வந்தவனுக்கெல்லாம் வணக்கம் போடுவது நடுநிலை அல்ல, அது நாணல்! நடுநிலை அதிகாரிக்கு மூன்று கடமைகள் உண்டு. முதலாவது, உத்தரவுக்கு முன்னால் உண்மையைச் சொல்லவேண்டும், கசந்தாலும் சொல்லவேண்டும். இரண்டாவது, அமைச்சர் கேட்டு, சிந்தித்து, சட்டத்துக்கு உட்பட்டு ஒரு முடிவு எடுத்துவிட்டால், அது தமக்குப் பிடிக்காவிட்டாலும் முழு மனத்தோடு நிறைவேற்றவேண்டும். மூன்றாவது, முடிவு சட்டத்துக்குப் புறம்பானால், "முடியாது" என்று சொல்லி, அதையும் எழுதி வைக்கவேண்டும்.

1949ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையிலே வல்லபாய் படேல் பேசியதும் இதுதான். வெள்ளையனுக்கு ஊழியம் செய்த அதிகாரிகளுக்கு ஏன் பாதுகாப்பு என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். கொதிப்பிலே நியாயம் இல்லாமல் இல்லை. அந்த அதிகார வர்க்கத்தின் ஆணையிலே சிறை சென்றவர்கள் அந்தச் சபையிலேயே அமர்ந்திருந்தார்கள். அவரும் சிறை கண்டவர்தாம். ஆனாலும் எழுந்து நின்று சொன்னார்: மனத்தில் பட்டதை அச்சமின்றிச் சொல்லும் உரிமை அதிகாரிக்கு வேண்டும், தம் கருத்துக்கு மாறாகக்கூடத் தம் செயலாளர் குறிப்பு எழுதலாம் என்று தாம் அனுமதித்திருப்பதாக! உள்துறையை இரும்புக் கரத்தால் நடத்தியவர் என்று பெயர் பெற்றவர், எதிர்க் குறிப்புக்கு அஞ்சவில்லை. இன்று எத்தனை அமைச்சர்களுக்கு அந்த நெஞ்சுரம் உண்டு?

*

இந்த இடத்திலே நமது தோழர் ஒருவர் குறுக்கிடுவார். "நன்றாகச் சொன்னீர்கள்! வெயிலிலே நின்று சுவரொட்டி ஒட்டியவன் நான். வீடு வீடாக ஏறி ஓட்டுக் கேட்டவன் நான். மக்கள் தேர்ந்தெடுத்தது எங்கள் அமைச்சரை. பரீட்சை எழுதி வந்த அதிகாரியை யார் தேர்ந்தெடுத்தார்கள்? அவர் எப்படி எங்கள் அமைச்சரைப் பார்த்து எழுதிக் கொடு என்று கேட்கலாம்?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பவன் ஜனநாயகவாதி அல்லன். மக்கள் தீர்ப்பே மேலானது. மூட்டை மூட்டையாக ஓட்டுப் பெற்று வந்த ஆட்சியின் திட்டத்தை, "பழைய வழக்கம் இல்லை" என்று கோப்பின் அடியிலே போட்டு அமுக்குகிற அதிகாரிக்கு நடுநிலை என்ற பெயர் பொருந்தாது. அது மௌனக் கலகம். அதிகாரி அரசர் அல்லர், அமைச்சருக்கு மேலான அமைச்சரும் அல்லர். அதிலே நமக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால், தோழரே, ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைக் கண்ணிலே ஒற்றிக்கொள்ளுங்கள்.

"ஏழை விதவைகள் அனைவருக்கும் பென்ஷன் தருவோம்." இது கொள்கை. இதைச் சொல்ல அமைச்சருக்கு முழு உரிமை உண்டு. ஆயிரமா, இரண்டாயிரமா என்று முடிவு செய்வதும் அவர் உரிமை. அதிகாரி குறுக்கே நிற்கக்கூடாது. "மேலத்தெரு மாரியம்மாளுக்குக் கொடு, கீழத்தெரு காளியம்மாளுக்குக் கொடாதே, அவள் மகன் எதிர்க்கட்சி." இது கொள்கையா? இது கொள்ளை! இரண்டு பேரும் விதவைகள்தாம். இரண்டு அடுப்பிலும் பூனைதான் படுத்திருக்கிறது. விதிப்படி இருவருக்கும் தரவேண்டியதைத் தருவதற்குத்தான் அந்த நாற்காலியிலே ஓர் அதிகாரியை உட்கார வைத்திருக்கிறோம். விதி வகுப்பது அமைச்சர் வேலை. விதியை ஆள் பார்க்காமல் அளப்பது அதிகாரி வேலை. தராசை வாங்கிக் கொடுப்பவர், தட்டிலே விரல் வைக்கக்கூடாது!

இன்னொன்றும் சொல்கிறோம், கேளுங்கள். ஆலையிலே இயந்திரத்தைச் சுற்றித் தடுப்புக் கம்பி இல்லை. தடுப்பு இருந்தே தீரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிற்று. சட்டத்தின் பெயர் மாறலாம், எண் மாறலாம், இயந்திரத்தின் பல் மாறாது! இன்ஸ்பெக்டர் வருகிறார், பார்க்கிறார், நடவடிக்கைக்குக் குறிப்பு எழுதப் பேனாவைத் திறக்கிறார். தொலைபேசி மணி அடிக்கிறது. "அந்த மில் முதலாளி நமக்கு வேண்டியவர்" என்கிறது ஒரு குரல். பேனா மூடிக்கொள்கிறது. ஒரு மாதம் கழித்து ஒரு தொழிலாளியின் கை போகிறது. அவன் மனைவி யாரைக் கேட்பாள்? தொலைபேசியிலே பேசிய குரலுக்கு முகம் இல்லை, முகவரி இல்லை, கையெழுத்து இல்லை. கை போனவனுக்கும் இனிக் கையெழுத்து இல்லை!

அந்த இன்ஸ்பெக்டர், "ஐயா, எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால்? எழுதிக் கொடுத்திருப்பாரா அந்தக் குரலுக்கு உரியவர்? சத்தியமாக மாட்டார்! நல்ல உத்தரவு எழுத்துக்கு அஞ்சாது, கள்ள உத்தரவு எழுத்தைக் கண்டால் ஓடும். அமைச்சருக்கும் அதிகாரிக்கும் இடையிலே தொழிலாளிக்கு என்ன என்று கேட்டீர்களே, இதுதான் தோழர்களே! கை!

*

"அப்படியானால் அதிகாரிகள் எல்லாரையும் நம்மவராகவே போட்டுவிட்டால் தீர்ந்தது அல்லவா?" என்று எண்ணுவோரும் உண்டு. இதைச் செய்து பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. அமெரிக்கா! 1829இல் ஆண்ட்ரூ ஜாக்சன் ஜனாதிபதியான பிறகு அங்கே ஒரு முறை ஓங்கி வளர்ந்தது. தேர்தலில் வென்ற கட்சிக்கே வேலைகள் அத்தனையும். போஸ்ட் மாஸ்டர் முதல் சுங்கக் குமாஸ்தா வரை, கட்சி மாறினால் ஆள் மாறும். கேட்க இனிக்கிறது அல்லவா? விளைவைப் பாருங்கள்.

1881ஆம் ஆண்டு கார்பீல்டு ஜனாதிபதியானார். சார்லஸ் கீட்டோ என்று ஒருவன். தேர்தலிலே தான் பேசியதால்தான் வெற்றி கிடைத்தது என்று நம்பிக்கொண்டு, பாரிஸ் நகரிலே கான்சல் பதவி வேண்டும் என்று நச்சரித்தான். கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை 2ஆம் நாள் வாஷிங்டன் ரயில் நிலையத்திலே ஜனாதிபதியைச் சுட்டான். செப்டம்பர் 19ஆம் நாள் கார்பீல்டு இறந்தார். அவன் புத்தி பேதலித்தவன் என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் கட்சிக்கு உழைத்தவனுக்குச் சர்க்கார் வேலை கூலியாகக் கிடைக்கும் என்ற எண்ணத்தை அவன் தலையிலே விதைத்தது எது? அந்த முறை அல்லவா? நாடு விழித்துக்கொண்டது. 1883இல் பெண்டில்டன் சட்டம் வந்தது. வேலைக்குப் பரீட்சை, தகுதி என்ற வழி திறந்தது.

நம் சென்னை மாகாணம் இந்த விஷயத்திலே பின்தங்கியிருக்கவில்லை. 1929ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டு, மாகாணங்களுக்குள்ளே முதன்முதலாகச் சர்வீஸ் கமிஷன் கண்ட மாகாணம் சென்னைதான். யாருடைய சிபாரிசுக் கடிதமும் இல்லாமல், ஏழை வீட்டுப் பிள்ளை, எழுதி, வென்று, நாற்காலியிலே அமரலாம். அப்படி அமர்ந்தவன் அந்த நாற்காலிக்காக எவருக்கும் கடன்பட்டவன் அல்லன். கடன்படாதவன்தான் "எழுதிக் கொடுங்கள்" என்று கேட்க முடியும். சிபாரிசிலே வந்தவன் வாயைத் திறக்குமுன் வந்த வழி அவன் தொண்டையை அடைக்கும்!

*

அப்படியானால், பரீட்சை எழுதி வந்த அதிகாரிகளுமா அஞ்சுகிறார்கள்? ஏன்? அரசியல் சட்டத்தின் 311வது பிரிவு இருக்கிறதே! குற்றத்தைச் சொல்லாமல், விசாரிக்காமல், பதில் சொல்ல வாய்ப்புத் தராமல், சாதாரணமாக வேலையை விட்டு விலக்க முடியாதே! உண்மைதான். 311 வேலையைக் காக்கிறது, நாற்காலியைக் காக்கவில்லை. டிஸ்மிஸ் செய்ய விசாரணை வேண்டும். டிரான்ஸ்பர் செய்ய ஒரு காகிதம் போதும்! காலையிலே கலெக்டர், மாலையிலே கண்காணாத ஊரிலே ஒரு பொம்மைப் பதவி. பிள்ளையின் பள்ளிக்கூடம் பாதியில் நிற்கும். வயதான தாய் தந்தையர் ஓரிடம், இவர் ஓரிடம். இரண்டு முறை மாற்றப்பட்டவர் மூன்றாம் முறை பேனாவைத் திறக்க யோசிக்கிறார். மனிதர்தானே?

யோசித்து யோசித்துப் பேனாவை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நாடு 1975இல் பார்த்தது. ஜூன் 25ஆம் நாள் இரவு, நெருக்கடி நிலைப் பிரகடனம் வந்த இரவு, டில்லியிலே பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரம் போயிற்று. அச்சு இயந்திரம் நின்றது, காலையிலே செய்தி இல்லை. யார் நிறுத்தச் சொன்னது? எழுத்திலே உத்தரவு எங்கே? பிறகு ஷா கமிஷன் விசாரித்தபோது வெளிவந்தது: வாய்மொழி உத்தரவு! ஒரு தலைநகரத்தின் பத்திரிகைகளை இருட்டிலே தள்ள ஒரு வாய் போதுமானதாக இருந்தது. "எழுத்தில்லாமல் விசையைத் தொடமாட்டேன்" என்று சொல்ல ஒரு நாக்கு இருந்திருந்தால்? அந்த இரவின் இருட்டு கொஞ்சமாவது குறைந்திருக்காதா?

சட்டம் பிறகும் பேசியது. மேலதிகாரியின் கட்டளை சாதாரணமாக எழுத்திலே இருக்கவேண்டும், வாயால் சொல்ல நேர்ந்தால் உடனே எழுத்திலே உறுதிப்படுத்த வேண்டும் என்று அகில இந்திய சர்வீசுகளின் நடத்தை விதிகளே சொல்கின்றன. விதி புத்தகத்திலே தூங்கிற்று. அதைத் தட்டி எழுப்ப, ஓய்வு பெற்ற அதிகாரிகள் எண்பத்து மூன்று பேர் உச்சநீதிமன்றத்தின் படியேறினார்கள். முன்னின்றவர் காபினெட் செயலாளராக இருந்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன். 2013 அக்டோபர் 31ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அதிகாரிகள் வாய்மொழி உத்தரவை அப்படியே நிறைவேற்றக்கூடாது, அதைப் பதிவு செய்யவேண்டும். ஓர் அதிகாரி ஓரிடத்திலே குறைந்தபட்ச காலம் இருக்க வழி செய்யவேண்டும். மாற்றங்களைப் பரிசீலிக்க சிவில் சர்வீசஸ் போர்டு வேண்டும் என்றது நீதிமன்றம். முந்திரா விவகாரத்திலே சாக்ளா சொன்னதற்கும் இதற்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள்! அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அதே பாடத்தை ஆளவந்தாருக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தத் தீர்ப்பிலே நமக்கு இனிக்கின்ற ஓர் இடம் உண்டு. உத்தரவு எழுத்திலே இல்லாவிட்டால், தகவல் அறியும் உரிமை என்ன ஆகும் என்று கேட்டார்கள் நீதிபதிகள். ஆமாம்! 2005ஆம் ஆண்டுச் சட்டம் குடிமகன் கையிலே ஒரு சாவியைத் தந்தது. விண்ணப்பம் எழுது, முப்பது நாளிலே பதில் வாங்கு என்றது. ஆனால் பெட்டி காலியாக இருந்தால் சாவி எதற்கு? எழுதாத உத்தரவை எந்தச் சட்டத்தால் கேட்டு வாங்குவது?

*

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். இதுவரை சொன்னது அமைச்சருக்கும் அதிகாரிக்கும். இப்போது சொல்வது கிளைச் செயலாளருக்கும் வட்டச் செயலாளருக்கும், கொடி பிடிக்கும் தோழனுக்கும். கசப்பாக இருந்தால் பொறுத்தருள்க, மருந்து இனிக்காது.

தாலுகா அலுவலகத்துக்குப் போகிறோம். போகவேண்டும்! எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கு மனு எழுதிக் கொடுக்கவேண்டும். வரிசையிலே அவளோடு நிற்கவேண்டும். மனு கொடுத்ததற்கு ரசீது கேட்கவேண்டும். பதில் வராவிட்டால் மேலே எழுதவேண்டும், மக்களைத் திரட்டிக் கேட்கவேண்டும். அது கட்சித் தொண்டனின் கடமை, பெருமை! ஆனால் வரிசையை மிதித்துக்கொண்டு உள்ளே போய், மேசையைத் தட்டி, "நாங்கள் ஆளுங்கட்சி, இதை முதலில் முடி" என்று சொல்வது தொண்டு அல்ல. அன்று நம் குரலுக்கு அஞ்சிக் குனிந்த தாசில்தார், நாளை மாற்றான் குரலுக்கும் குனிவார். குனியப் பழகிய முதுகு ஆள் பார்த்து நிமிராது. ஆட்சிச் சக்கரம் சுழலும். இது எல்லாக் கட்சிக்கும் தெரிந்த கணக்கு. நாம் எதிர்க்கட்சி வரிசையிலே அமரும் நாளில், நம் ஊர்க் கிழவியின் மனுவைக் காப்பது யார்? நாம் வளைக்காமல் விட்டுவைத்த அந்த நேரான முதுகுதான்!

நேர்மையான அதிகாரி நம் காரியத்தை மறுத்தால் கோபப்படாதீர்கள். "ஏன் முடியாது என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். விதி சரியில்லை என்றால் விதியை மாற்றப் போராடுவோம். சட்டமன்றம் இருக்கிறது, மேடை இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. விதி சரியாயிருந்து அதிகாரி வேண்டுமென்றே மறுத்தால், அவர் எழுதிய வரியே அவரைக் காட்டிக் கொடுக்கும். அமைச்சரிடம் அதிகாரி கேட்கவேண்டியதையே அதிகாரியிடம் நாம் கேட்கவேண்டும். எழுத்து இரண்டு பக்கமும் வெட்டும், ஆனால் நிரபராதியை வெட்டாது.

நேர்மையான அதிகாரி ஒருவரைத் திடீரென்று தூக்கியடித்தால், "அவர் நம்ம ஆள் அல்லவே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ஏன் மாற்றினீர்கள் என்று ஊர் கேட்கட்டும். தொழிலாளி கேட்கட்டும். அவருக்காக அல்ல. தடுப்புக் கம்பி இல்லாத இயந்திரத்துக்கு முன்னால் நாளை நிற்கப்போகிற நம் பிள்ளைக்காக!

அமைச்சர் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. மக்கள் உங்களுக்கு அதிகாரம் தந்தார்கள். அது வெட்கப்படவேண்டிய பொருள் அல்ல. மறைக்கவேண்டிய பொருளும் அல்ல. நல்லது என்று நம்பினால் எழுதுங்கள், கையெழுத்திடுங்கள், பழி வந்தால் மார்பிலே வாங்குங்கள். புகழ் வந்தாலும் அது உங்களுக்கே. கையெழுத்திட மனம் கூசுகிற காரியமென்றால், அதை வாயாலும் சொல்லாதீர்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சம்பளம் அமைச்சர் வீட்டு அலமாரியிலிருந்து வரவில்லை. தீப்பெட்டி வாங்குகிறவன் கொடுக்கும் வரியிலிருந்து வருகிறது. தொலைபேசியிலே குரல் வரும்போது அவன் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பணிவாக, மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்:

"எழுதிக் கொடுங்கள், அமைச்சரே!"